நாற்பது தப்படி நகர்ந்த முளை

பூமியை நான் முப்பத்திரண்டு வருஷம் இரண்டாக வெட்டியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வட்டம், அதற்குள் இன்னொன்று. மேலோடு, கவசம், கருவம். சத்துணவில் முட்டை போடுகிற நாளாகப் பார்த்துத்தான் இந்தப் பாடத்தை எடுப்பேன். அவித்த முட்டையை ஓட்டோடு பாதியாக அறுத்துக் காட்டி, இந்த மெல்லிசு ஓட்டின்மேல்தான் நம் ஊர், ஆறு, வயல், தஞ்சாவூர் பெரிய கோயில் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன என்பேன். பிள்ளைகளுக்குப் பூமியைப் பற்றிக் கவலை கிடையாது. பாடம் முடிந்ததும் அந்த முட்டை யாருக்கு என்பதில்தான் அடிதடி.

ஓடு ஒரே துண்டாக இல்லை, தட்டுத் தட்டாக விரிசல் விட்டிருக்கிறது, அடியில் இருக்கிற சூட்டில் கவசப் பாறை மெல்ல மெல்லக் குழைந்து ஓட, தட்டுகளும் நகர்கின்றன என்பது மறுநாள் பாடம். நம் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடக்குப் பார்த்துப் போகிறது. சுனாமியில் கடல் ஊர்களுக்குள் வந்த வருஷம் மட்டும் அந்தப் பாடத்தை நடத்த எனக்கு வாய் வரவில்லை.

என் வயதுக்காரர்களே, நீங்கள் எழுதி அனுப்புவதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் போனைத் திறந்தால் யாராவது ஒருவருடைய சிறுவயது வந்து நிற்கிறது. உங்கள் எல்லாருக்கும் பாலாறும் தேனாறும் ஓடியிருக்கின்றன, நல்லது. என்னிடம் இருப்பது ஒரு கோடை மட்டும்தான். அது இனிக்காது. சர்க்கரை வியாதிக்காரர்கள் தாராளமாகப் படிக்கலாம்.

எங்கள் ஊர் குடவாசலுக்குக் கிழக்கே நாலு மைல். தை கடைசியில் மேட்டூரை அடைத்துவிட்டால் ஆனியில் திறந்து தண்ணீர் வருகிறவரை ஆறு வெறும் மணல்தான். சம்பா அறுத்த வயலில் உளுந்து நிற்கும். நான் எட்டாவது படித்த வருஷம், மாசி மாதத்தில், இரண்டு ஜீப்பும் ஒரு மூடிய லாரியும் எங்கள் ஊருக்கு வந்தன. பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வந்த ஆட்கள். காக்கி அரைக்கால் சட்டையும் மண்ணெண்ணெய் வாசனையுமாக இருந்தார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் சமையல்காரர் சப்பாத்தி தட்டுவதைப் பார்க்கவே ஊர்ப் பிள்ளைகள் போய் நின்றோம்.

அவர்களுடைய வேலை இதுதான். வயல்களின் குறுக்கே நேர்கோடாகக் கறுப்பு வயரை இழுப்பார்கள். வயரில் வரிசையாக, கொழுக்கட்டை அளவுக்குக் குமிழ்கள், அடியில் ஆணி. அவற்றை மண்ணில் குத்துவார்கள். கோட்டில் இன்ன இடம் என்று அளந்து, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சி அடிப்பார்கள். பின்னால் வருகிற ஆட்கள் அந்த முளை இருக்கிற இடத்தில் அறுபது எழுபது அடிக்குத் துளை போட்டு, அடியில் வெடி இறக்கி வெடிப்பார்கள். சத்தம் கீழே போய், பாறை அடுக்குகளில் முட்டித் திரும்பி வரும். அந்தக் குமிழ்கள் அதை ஒட்டுக் கேட்கும். லாரிக்குள் இருக்கிற மிஷின் நீளக் காகிதத்தில் கோடு கோடாக எழுதும். லாரி டிரைவர் அரைகுறைத் தமிழில் சொன்னது இவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் ஹாரன் அடித்து விரட்டினார்.

எட்டாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. அவளைப் பெஞ்சுக்காரி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவள் கீழத்தெரு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வயலில் வேலை செய்கிறவர்கள். கணக்கிலும் கட்டுரையிலும் எதிலும் என்னைவிட ஒரு படி மேல். என் நோட்டைப் பார்த்து அவள் எழுதியதாக ஒரு நாளும் இல்லை. அவள் நோட்டைப் பார்த்து நான் எழுதாத நாளும் இல்லை. முழுப்பரீட்சையில் பாஸானால் குடவாசல் ஹைஸ்கூலில் ஒன்பதாவது, பெயிலானால் நடவு என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். கீழத்தெருவிலிருந்து ஒரு பெண் அதுவரை ஒன்பதாவது போனதில்லை. அந்தப் பங்குனி சித்திரையில் அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

துளை போடும்போது குழாய் வழியாகச் சேறு பொங்கி வெளியே வரும். ஊர்ப் பிள்ளைகள் அதில் காலை வைத்து வழுக்கி விளையாடினோம். இவள் மட்டும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சேற்றின் நிறம் மாறும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துக் காயவைத்தாள். காலித் தீப்பெட்டிகளில் அடைத்து, எத்தனையாவது குழாய் இறங்கும்போது வந்தது என்று மேலே எழுதினாள். மேலே எங்கள் வயலின் களிமண். அதற்குக் கீழே மஞ்சள் மணல். பிறகு சாம்பல் களி, பச்சை வாடையோடு. அதற்கும் கீழே கறுப்பு. கறுப்பில் சிப்பித் துண்டுகள் இருந்தன, நகம் உடைந்த மாதிரி சின்னச் சின்னதாக. பதினோரு தீப்பெட்டி. ஒரு பிஸ்கட் டப்பாவில் வரிசை கலையாமல் வைத்திருந்தாள். திறந்தால் மருந்தும் ஈரமும் கலந்த ஒரு வாசனை வரும்.

கடற்கரை எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு மணி நேர நடை. சிப்பி இங்கே எப்படி வந்தது என்று அவள் தலைமையாசிரியரிடம் கேட்டாள். அதோடு விடாமல், ஒன்று கடல் இங்கே இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த நிலம் வேறே எங்கேயோ இருந்து வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். தலைமையாசிரியர் சிரித்தார். நிலம் என்ன மாட்டுவண்டியா, நகர்ந்து போக என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது, நானும்தான். பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்னார். மணி அடிக்கிறவரை நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. அவர் படித்த புத்தகத்தில் நிலம் நகரவில்லை, அவ்வளவுதான்.

இனி அப்பாவைப் பற்றி. எங்களுக்குச் சொந்தத்தில் மூன்று வேலி நிலம், அதாவது இருபது ஏக்கர்; குத்தகைக்கு ஒரு வேலி. அதில் ஆற்றங்கரையை ஒட்டின துண்டுதான் அப்பாவுக்கு உயிர். அந்த வயலில் ஒரு நாள் சிவப்புத் துணி கட்டிய முளை முளைத்திருந்தது. அன்று மத்தியானமே ஊர் நிலக்கணக்கு எழுதுகிற கர்ணம் வீட்டுக்கு வந்துவிட்டார். முளை அடித்த சர்வே நம்பரையெல்லாம் தாலுகா ஆபீஸில் எழுதிக்கொள்கிறார்கள், எண்ணெய் இருந்தால் அந்த நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், தருகிறதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். முளைக்கும் சர்வே நம்பருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வயலில் ஒரு குச்சியோ கல்லோ நட்டால் அது நிலத்தை அளக்கத்தான், அளந்தால் அது பிடுங்கத்தான். கர்ணத்துக்கும் அப்படித்தான் தெரியும், அப்பாவுக்கும் அப்படித்தான் தெரியும். அப்பா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் சாணி அள்ள அம்மா என்னை எழுப்பிவிட்டாள். கொல்லை வழியாகப் போனபோது அப்பா வயலிலிருந்து கரையேறிப் போவது தெரிந்தது. ஒரு கையில் கடப்பாரை, மறு கையில் சிவப்புத் துணி. பின்னாலேயே போனேன். ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு நடந்தார், நானும் எண்ணினேன். நாற்பது தப்படி. கீழத்தெருப் புறம்போக்கு மேட்டில் நின்று, கடப்பாரையால் குழி போட்டு, முளையை நட்டு, கால் கட்டைவிரலால் மண்ணை அழுத்திவிட்டார். திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

“வெளிய சொல்லாத” என்றார். “அது பொறம்போக்கு. அவங்களுக்குப் பட்டாவா இருக்கு, போறதுக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக வந்த ஆளைப்போலச் சொன்னார். யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டதாகவே அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா கெட்டிக்காரர் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த மேட்டில்தான் கீழத்தெருவின் கிணறு இருந்தது. சுட்ட மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, அந்தத் தெரு ஆட்களே வெட்டிய உறைக்கிணறு. ஆறு காய்ந்த மாதங்களில் நாற்பது வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். துளை போடுகிற ஆட்கள் வந்தபோது பெஞ்சுக்காரியின் அப்பா பத்தடியில் கிணறு இருக்கிறதே, இங்கே வேண்டாமே என்று கெஞ்சியிருக்கிறார். அதிகாரி அளந்து முளை அடித்திருக்கிறார், முளை எங்கேயோ அங்கேதான் துளை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதிகாரி ஒரு மைலுக்கு அப்பால் லாரிக்குள் இருந்தார்.

வெடி வெடித்தபோது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். காலடியில் எருமை முட்டிய மாதிரி ஒரு அதிர்வு. ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. ஒவ்வொரு வெடிக்கும் கை தட்டுகிறது எங்கள் வழக்கம், அன்றும் தட்டினோம். கொஞ்ச நேரத்தில் கீழத்தெருப் பக்கம் கூச்சல் கேட்டது. பெஞ்சுக்காரி பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நானும் போய்ப் பார்த்தேன். நடு உறைகள் நொறுங்கி உள்ளே சரிந்து, சுற்றிலும் இருந்த மணல் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் கயிறு கட்டி இறங்கப் பார்த்தார், மற்றவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் கிணறு இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் மிச்சம். பொம்பளைகள் பள்ளத்தைச் சுற்றிக் குடங்களோடு நின்றார்கள். முழுப்பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அப்பா விஷயத்தைக் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கம்பெனிக்காரன் அநியாயம் பண்ணிவிட்டான் என்றார். பெட்டியிலிருந்து நல்ல காகிதம் எடுத்து, கீழத்தெருக்காரர்களுக்காகத் தாசில்தாருக்கு மனு எழுதினார். அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர்கள் வாசலில் நின்று, ஒவ்வொருவராக மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்தார்கள். பெஞ்சுக்காரியின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “நீங்க இருக்கீங்க, எங்களுக்கு என்ன கொறை” என்றார். அப்பா அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லவில்லை. மனுவுக்கும் பதில் வரவில்லை. கைபம்பு வந்தபோது நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன்.

ஜீப்புகள் அந்த வாரமே அடுத்த ஊருக்குப் போய்விட்டன. யாருடைய நிலத்தையும் யாரும் எடுக்கவில்லை. எடுக்கிற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை.

கீழத்தெருவுக்கு ஆற்று மணலில் ஊற்றுப் பறிக்கிறதைத் தவிர வழியில்லை. இடுப்பளவு பள்ளம் தோண்டி, உள்ளே இறங்கி, தேங்காய்ச் சிரட்டையால் ஊறுகிற தண்ணீரை வழித்து வழித்து ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்கு வெகு நாழியாகும். நாற்பது வீட்டு வரிசை. பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவதால் தண்ணீர் பிள்ளைகள் பாடு. விடியற்காலை போனால் உச்சி வெயிலில்தான் அவளால் திரும்ப முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு மத்தியானத்துக்கு மேல் வந்தாள், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். பரீட்சை காலையில். மூன்று பரீட்சை எழுதவில்லை. சமூக அறிவியலுக்கு வந்தபோது கை இரண்டும் மணலில் அரைபட்டு உரிந்திருந்தன. பேனாவைத் துணி சுற்றிப் பிடித்து எழுதினாள். அதில் மட்டும் பாஸ்.

ஆனியில் நான் குடவாசல் பஸ் ஏறினேன். முதல் நாள் பாலத்தில் பஸ் போகும்போது ஆற்று மணலில் அவள் தலை மட்டும் பள்ளத்துக்கு மேலே தெரிந்தது. மறுநாளிலிருந்து நான் அந்தப் பக்க ஜன்னலில் உட்காரவில்லை. பத்து நாளில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த மாதம் அவள் குறுவை நடவுக்கு இறங்கினாள், எங்கள் வயலில். அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தாள், நீயாவது யாரிடமாவது கேள் என்று. நான் யாரிடமும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் போனபோது பரணில் போட்டேன். வீடு மாறினபோது எதுவோ என்று யாரோ கொட்டிவிட்டார்கள். பதினேழு வயதில் அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று, கீழத்தெருவிலேயே.

டிரெயினிங் கல்லூரியில்தான் முதன்முதலாகத் தட்டுகளைப் பற்றிப் படித்தேன். ஒரு காலத்தில் நம் நிலம் தெற்கே அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்த்துக்கொண்டு வடக்கே வந்தது, பிய்ந்த ஓரம் உள்வாங்கிக் குழியானது, அதில் கடல் ஏறியது, கடல் சேறும் ஆற்று மண்ணும் அடுக்கடுக்காக நிரம்பியதுதான் காவேரிப் படுகை என்று புத்தகத்தில் இருந்தது. கடல் இங்கே இருந்தது. நிலமும் வேறே எங்கேயோ இருந்து வந்தது. அவள் சொன்ன இரண்டுமே சரி. லைப்ரரி மேஜையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து, முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கினேன்.

ஒரு கணக்கு எனக்கு மறக்கவே மறக்காது. அந்தக் கோடையிலிருந்து இன்றுவரை இந்தியா முழுக்க நகர்ந்திருக்கும் தூரம் எட்டு ஒன்பது அடி இருக்கலாம். அப்பா ஒரு விடியலில் நகர்த்தியது நாற்பது தப்படி. அப்படிக் காப்பாற்றிய வயலை, என் அண்ணன் துபாய் போக விசா வாங்குவதற்காக அப்பாவே விற்றார். இப்போது அதில் பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். வாங்க ஆள் வரவில்லை. முளையைப் பற்றி அப்பா சாகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருஷம் முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். போவதற்கு முன்னால் பெஞ்சுக்காரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. ஆட்டோ பிடித்துக் கீழத்தெருவுக்குப் போனேன். தொகுப்பு வீடு, முன்னால் தகரக் கூரை. மகன் திருப்பூரில், மகள் சென்னையில் நர்ஸ். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாங்க டீச்சர்” என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எங்களுக்குள் ‘நீ’ எப்போது ‘நீங்க’ ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றையும் விடாமல் சொன்னேன். விடியற்காலை, கடப்பாரை, நாற்பது தப்படி, நான் கூடவே நின்றது, மனு எழுதிய நாளில் வாயைத் திறக்காதது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அடியில் புதைத்து வைத்திருந்த பாவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டேன், இனி அவள் திட்டட்டும், அழட்டும், மன்னிக்கட்டும் என்று காத்திருந்தேன். மன்னிப்பாள் என்றே எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “மொளையா?” என்றாள். “அது தெரியாதுங்க. போவட்டும், ரெண்டு அப்பாவும் போயாச்சு. கெணறுன்னா இடியுந்தான்.”

காம்புகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வேறு எதையோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

“கெணறு இடிஞ்சது ஒரு நாளுங்க. பரிட்ச நெருக்கத்துல நான் உங்க கொல்ல வேலிக்கிட்ட கொடத்தோட வந்து நின்னது எட்டு நாளு. ஒரு கொடம் கெடச்சா போட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடிடலாம்னு. நீங்க கெணத்தடியில பல்லு வெளக்கிக்கிட்டு இருப்பீங்க. என்னப் பாப்பீங்க. வாளியில மொகந்து வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள போயிடுவீங்க. எட்டு நாளும்.”

கீழத்தெரு ஆட்கள் எங்கள் தெருக் கிணற்றில் மொள்ளுவதில்லை. நாங்கள் மொண்டு ஊற்றுவதும் இல்லை. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்பா அவ்வளவு நல்ல மனு எழுதினாரே, எங்கள் கொல்லையில் கைக்கெட்டும் ஆழத்தில் கிடந்த தண்ணீர் அவருக்கோ அம்மாவுக்கோ எனக்கோ ஒரு தடவையாவது ஞாபகம் வந்ததா? வரவில்லை. இத்தனை பக்கம் எழுதினேனே, இதில்கூட அவள் சொல்லித்தான் அந்தக் கிணறு வருகிறது.

அந்த எட்டு நாளில் ஒரு நாளாவது கிடைக்குமா என்று அவள் முன்னால் உட்கார்ந்தபடியே தேடிப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையில் கிடந்த ஒன்றரை மாதமும் தேடினேன். அந்தக் கோடையின் வெயில், வாசனை, வெடிச் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வேலியோரம் ஒரு பெண் குடத்தோடு நின்றது மட்டும் எங்கேயும் இல்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. நான் பார்த்திருக்கிறேன், எட்டு நாளும் பார்த்திருக்கிறேன்.

“எனக்கு ஞாபகம் இல்ல” என்றேன் அவளிடம்.

“இருக்காதுங்க” என்றாள், அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டே.